பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் இன்னைக்கும் இருந்திருக்குமா? உருப்படியா யோசிச்சுப் பாக்குறது எப்படி

ரெண்டாம் உலகப்போர் மட்டும் வராம இருந்திருந்தா? 1945 எலெக்‌ஷன்ல சர்ச்சில் ஜெயிச்சிருந்தா? லண்டன்காரங்க இன்னும் கொஞ்சம் விட்டுக்குடுத்துப் போயிருந்தா? வரலாறுல ஆர்வம் இருக்குற எல்லாருமே எப்பவாவது ஒரு தடவ இந்தக் கேள்விக்குள்ள விழுந்து எந்திரிச்சிருப்போம். கேள்வில தப்பே இல்ல. ஆனா பதில் சொல்ல வர்றவங்க முக்கால்வாசிப் பேரு மேப்ப விரிச்சு வச்சுக்கிட்டு யோசிக்கிறாங்க, எந்த நாட்டுக்கு என்ன கலர்னு பாத்து இத வச்சுக்கலாம் அத விட்டுடலாம்னு நகத்துறாங்க, அந்தக் கலருக்கு உள்ள இருந்த கோடிக்கணக்கான ஆளுங்க காலைல எந்திரிச்சு அந்த சர்க்காருக்கு வேலை பாக்கப் போனாங்களா இல்லையாங்குறது கணக்குலயே வர்றதில்ல. எனக்கு இது ரொம்ப உறுத்தும், ஏன்னா மொத்த விஷயமும் அங்கதான் இருக்கு.

அதனால நான் பழகிக்கிட்ட ஒரு வழிய சொல்றேன், கதை எழுதுறவங்களுக்கும் உதவும், டிபேட்டுக்கு ரெடியாகுறவங்களுக்கும் உதவும். மேப்ப மடிச்சு வச்சுடுங்க. யாரு எந்த "இப்படி நடந்திருந்தா"வோட வந்தாலும் மூணு கேள்வி கேளுங்க. துப்பாக்கி யார் கைல இருக்கு? செலவு யார் தலைல விழுது? ஓட்டு யாருக்கு இருக்கு? மூணுக்கும் பேர் சொல்லி, வருஷம் சொல்லி பதில் வந்தா அந்தக் கற்பனை நிக்கும். ஒண்ணுக்கு "அதெல்லாம் எப்படியோ சமாளிச்சிருப்பாங்க"ன்னு பதில் வந்தாலும் அங்கயே அது உடைஞ்சிடுச்சுன்னு எடுத்துக்கோங்க.

மொதல்ல "இருந்திருக்கும்"னா என்னன்னு முடிவு பண்ணுங்க

இத செய்யாமதான் பாதி சண்டை நடக்குது. ஒருத்தர் கொடிய நினைச்சுப் பேசுவாரு, இன்னொருத்தர் ராணி படம் போட்ட காச நினைச்சுப் பேசுவாரு. பிரிட்டனுக்கு இன்னைக்கும் கடல் கடந்து 14 பிரதேசம் இருக்கு, ஜிப்ரால்டர், பெர்முடா, ஃபாக்லாண்டு எல்லாம் அதுலதான் வருது. அத சாம்ராஜ்யம்னு சொன்னா கேள்வியே முடிஞ்சு போச்சு. நான் வச்சிருக்குற அளவு இதுதான்: ரொம்ப தூரத்துல இருக்குற ஒரு தலைநகரம், தன்ன ஓட்டுப் போட்டு மாத்த முடியாத பல கோடி ஜனங்க மேல கடைசி வார்த்தை சொல்ற அதிகாரம் வச்சிருக்கணும். 1920களோட தொடக்கத்துல பிரிட்டன்கிட்ட அப்படி இருந்துச்சு, உலக நிலத்துல ஏறக்குறைய கால்வாசி, ஜனத்தொகைலயும் ஏறக்குறைய கால்வாசி. அந்த அளவுல, அந்த அதிகாரத்தோட, இன்னைக்கும் இருந்திருக்குமாங்குறதுதான் கேள்வி. கனடா ராஜாவ தலைவரா வச்சிருக்குறது இதுல சேராது, 1931 வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தோட கனடா மாதிரி நாடுங்க தங்களுக்குத் தாங்களே சட்டம் போட்டுக்க ஆரம்பிச்சாச்சு.

துப்பாக்கி யார் கைல

இதுல ஒரு கணக்க மனசுல பதிய வச்சுக்கோங்க. 30 கோடிக்கு மேல ஜனம் இருந்த இந்தியாவ நடத்துன ஐசிஎஸ் (இந்தியன் சிவில் சர்வீஸ்) அதிகாரிங்க மொத்தமே ஆயிரத்த ஒட்டிதான். அந்த ஆயிரம் பேருக்குக் கீழ தாசில்தார், கணக்குப்பிள்ளை, ஹெட் கான்ஸ்டபிள், ரயில்வே கிளார்க், தபால்காரர்னு லட்சக்கணக்குல ஆளுங்க, எல்லாரும் உள்ளூர்க்காரங்க. பட்டாளமும் அப்படித்தான். 1857ல நடந்த கலகத்துக்குப் பிறகு பிரிட்டிஷ்காரங்க ரொம்ப ஜாக்கிரதையா ஒரு விகிதம் வச்சாங்க, வங்காளப் படைல ரெண்டு இந்திய சிப்பாய்க்கு ஒரு வெள்ளைக்கார சிப்பாய், மெட்ராஸ் பம்பாய் படைல மூணுக்கு ஒண்ணு, பீரங்கிய பெரும்பாலும் தங்க கைலயே வச்சுக்கிட்டாங்க. அதாவது அவங்களுக்கே தெரியும், இந்த வீடு யார் தோள்ல நிக்குதுன்னு. வேலூர்ல 1806லயே ஒரு தடவ அந்தத் தோள் நகந்தத அவங்க பாத்திருக்காங்க.

ரெண்டாம் உலகப்போர் அந்த விகிதத்த அடிச்சுத் தூக்கிடுச்சு. 1939ல ஏறக்குறைய 2 லட்சம் பேரா இருந்த இந்தியப் படை போர் முடியுறப்ப 25 லட்சம் ஆச்சு. இதுக்கு நடுவுல 1942 பிப்ரவரி 15ல சிங்கப்பூர் விழுந்துச்சு, அன்னைக்கு சரணடைஞ்சவங்க ஏறக்குறைய 80,000 பேரு, அதுல இந்திய சிப்பாய்ங்க ஏராளம், அவங்கள்ல ஒரு பங்கு இந்திய தேசிய ராணுவத்துல சேந்தாங்க. போர் முடிஞ்சதும் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூணு பேரையும் டெல்லி செங்கோட்டைல வச்சு விசாரிச்சாங்க, ஒரு முஸ்லிம் ஒரு ஹிந்து ஒரு சீக்கியர், ஒரே கூண்டுல. மிரட்டுறதுக்காக நடத்துன விசாரணை நாட்டையே ஒண்ணா கிளப்பி விட்டுச்சு. தண்டனைய அறிவிச்சுட்டு ஆயுள் தண்டனைய ரத்து பண்ண வேண்டியதாச்சு.

இப்ப கொஞ்சம் கிட்டக்க போய்ப் பாப்போம். 1946 பிப்ரவரி 18, பம்பாய்ல தல்வார்னு ஒரு கடற்படை சிக்னல் பயிற்சி நிலையம். சாப்பாடு மோசம், சம்பளத்துல பாகுபாடு, கமாண்டர் வாய்ல வந்தபடி கேவலமா திட்டுறாரு, சுவத்துல "இந்தியாவ விட்டு வெளியேறு"ன்னு எழுதுன பி.சி. தத்துங்குற மாலுமிய ஏற்கனவே பிடிச்சு வச்சாச்சு. அன்னைக்கு காலைல பசங்க சாப்பாட்ட தொட மாட்டோம்னு உக்காந்துட்டாங்க. அவ்வளவுதான் ஆரம்பம். ஒரு சில நாள்ல 78 கப்பல், ஏறக்குறைய 20 கரை நிலையம், 20,000 மாலுமிங்க. கராச்சில துப்பாக்கிச் சூடே நடந்துச்சு. காங்கிரஸ், முஸ்லிம் லீக் ரெண்டு தரப்பும் சரணடையுங்கன்னு சொல்லிதான் 23ஆம் தேதி முடிஞ்சுது. இதுக்கு முந்தின மாசம் இன்னொண்ணும் நடந்துச்சு, அத நிறைய பேர் கவனிக்கிறதில்ல. பிரிட்டிஷ் விமானப்படைல இருந்த வெள்ளைக்காரப் பசங்களே, கராச்சி பக்கத்துல ட்ரிக் ரோடு தளத்துல ஆரம்பிச்சு சிலோன், சிங்கப்பூர் வரைக்கும் வேலைநிறுத்தம் பண்ணாங்க, போர் முடிஞ்சு போச்சு எங்கள வீட்டுக்கு அனுப்புங்கன்னு. ஒரு பக்கம் உள்ளூர் சிப்பாய் கட்டளைக்குக் கீழ்ப்படியல, இன்னொரு பக்கம் சொந்த நாட்டு சிப்பாய் இங்க இருக்கவே விரும்பல. இந்த ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்தா வைஸ்ராய் வேவல் 1946லயே படிப்படியா கிளம்புறதுக்கு ஒரு திட்டம் போட்டு வச்சது ஏன்னு விளங்கும்.

அதனால உங்க கற்பனைல சாம்ராஜ்யம் 1960ல இருக்கணும்னா, 1960ல டெல்லிலயும் பெஷாவர்லயும் காவல் நிக்கப் போறவன் யாரு, அவன் ஏன் நிக்கிறான், அவங்க ஊர்க்காரங்க அவன என்ன சொல்லுவாங்க, இத எழுதிக் காட்டணும். சம்பளம் மட்டும் போதும்னு சொல்லாதீங்க, தல்வார்லயும் சம்பளம் குடுத்துட்டுதான் இருந்தாங்க.

செலவு யார் தலைல

சாம்ராஜ்யம்னாலே கொள்ளை லாபம், அத யார் விடுவாங்கன்னு ஒரு வாதம் வரும். லாபம் இருந்துச்சு, தாதாபாய் நௌரோஜி அந்தச் செல்வம் எப்படி வடிஞ்சு வெளிய போகுதுன்னு ஆயுசு பூரா கணக்குப் போட்டுக் காட்டுனாரு. ஆனா லாபம் இருந்ததுக்குக் காரணம், ஆளுற செலவையும் ஆளப்படுறவங்ககிட்டயே வசூல் பண்ணதுதான். பட்டாள செலவு இந்திய வரில, லண்டன்ல இருந்த இந்தியா ஆபீஸ் செலவுகூட ரொம்ப காலம் இந்திய வரில. அது ஓடுற வரைக்கும் எல்லாம் சரி.

போர்ல இது தலைகீழா ஆச்சு. இந்தியப் படைய வெளிநாட்டுல சண்டைக்குக் கூட்டிட்டுப் போனா அந்தச் செலவ பிரிட்டன் ஏத்துக்கணும்னு ஒப்பந்தம். பிரிட்டன்கிட்ட கைல காசு இல்ல, அதனால கடன் கணக்குல எழுதி எழுதி வச்சாங்க. முடிவுல பிரிட்டன் இந்தியாவுக்குக் குடுக்க வேண்டியது ஏறக்குறைய 130 கோடி பவுண்டு. ஆளுறவன் கடன்காரன், ஆளப்படுறவன் கடன் குடுத்தவன். இந்தக் கடன் எப்படி சேந்துச்சுன்னு சும்மா படிச்சுட்டுப் போகாதீங்க, அந்தப் போர்ச்செலவுக்காக இந்தியால நோட்டு அடிச்சாங்க, விலைவாசி ஏறுச்சு, 1943ல வங்காளத்துல ஏறக்குறைய 30 லட்சம் பேரு பசில செத்தாங்க. பஞ்சத்துக்கு இது ஒண்ணே காரணம் இல்ல, ஆனா அரிசி விலை ஒரு கூலிக்காரனுக்கு எட்டாம போனதுல இதுக்குப் பெரிய பங்கு இருக்கு. சாம்ராஜ்யத்தோட கணக்கு நோட்டுல ஒரு பக்கம் பவுண்டு இருந்துச்சுன்னா மறுபக்கம் இருந்தது இந்த உயிருங்கதான்.

பிரிட்டன் வீட்டு நிலவரம் என்ன? போர் நடந்தப்பகூட ரேஷன்ல வராத ரொட்டி, போர் முடிஞ்ச பிறகு 1946 ஜூலைல ரேஷனுக்கு வந்துச்சு. அமெரிக்காகிட்ட 375 கோடி டாலர், கனடாகிட்ட 125 கோடி டாலர் கடன் வாங்குனாங்க, கடைசி தவணை கட்டி முடிச்சது 2006 கடைசில. அமெரிக்கா அந்தக் கடன்ல ஒரு நிபந்தனை வச்சுது, பவுண்ட யார் வேணும்னாலும் டாலரா மாத்திக்க விடணும்னு. 1947 ஜூலை 15ல திறந்து விட்டாங்க, எல்லாரும் டாலருக்கு ஓடுனாங்க, ஆகஸ்ட் 20ல மூட வேண்டியதா போச்சு. ஆகஸ்ட் 15 இந்த ரெண்டு தேதிக்கும் நடுவுல வருது. இந்தியாவ விட்டதுக்கு ஒரே காரணம் காசுன்னு நான் சொல்லல, ஆனா அந்தக் கோடைல இன்னொரு பெரிய பட்டாளத்த இந்தியாவுக்கு அனுப்பி அடக்கி வைக்கலாம்னு எந்த நிதியமைச்சரும் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது.

மத்த இடத்துலயும் இதே கதைதான், வேகமா சொல்லிடுறேன். 1948ல டச்சுக்காரங்க இந்தோனேசியால ரெண்டாவது தடவ படையெடுத்தப்ப அமெரிக்கா உதவிப் பணத்துல கை வைக்கும்னு மிரட்டுச்சு, 1949 டிசம்பர் 27ல ஆட்சிய ஒப்படைச்சாங்க. 1956ல எகிப்தோட சூயஸ் கால்வாயப் பிடிக்க பிரிட்டன் போச்சு, படை இறங்கி நல்லாதான் முன்னேறுச்சு, பவுண்டு சரிய ஆரம்பிச்சுது, அமெரிக்கா கை குடுக்கல, நிறுத்திட்டாங்க. 1967 நவம்பர்ல பவுண்டோட மதிப்ப 2.80 டாலர்ல இருந்து 2.40க்கு இறக்குனாங்க, அடுத்த ரெண்டு மாசத்துல சூயஸுக்குக் கிழக்க இருக்குற தளங்கள 1971க்குள்ள காலி பண்றோம்னு அறிவிச்சாச்சு.

ஓட்டு: எல்லாருக்கும் சம உரிமை குடுத்திருந்தா?

இதுதான் கேக்க ரொம்ப நல்லா இருக்குற கற்பனை, அதனால இதுல கொஞ்சம் நேரம் நிப்போம். எல்லாரையும் சமமா நடத்தி, லண்டன் பார்லிமென்ட்ல இடமும் குடுத்து, ஒரே பெரிய நாடா மாத்தியிருந்தா யாருக்கும் பிரிஞ்சு போகத் தோணியிருக்காதேன்னு கேப்பாங்க.

ஒரு பேப்பர எடுத்துக்கோங்க. 1945ல பிரிட்டிஷ் காமன்ஸ் சபைல 640 சீட். பிரிட்டன் ஜனத்தொகைய 4.8 கோடின்னு வைங்க. 1941 சென்சஸ்படி இந்தியா 38.9 கோடி. ரெண்டையும் கூட்டுனா 43.7 கோடி. 640 சீட்ட தலைக்கணக்குல பிரிச்சா பிரிட்டனுக்கு 70, இந்தியாவுக்கு 570. ஆப்பிரிக்காவ இன்னும் சேக்கவே இல்ல. இந்த சபைல பிரதமர் யாரு? வரி எங்க போகும்? மான்செஸ்டர் மில்லுக்கு சாதகமா ஒரு சட்டமாவது பாஸ் ஆகுமா? கப்பற்படை யார் சொன்னா நகரும்? ஒரே எலெக்‌ஷன்ல பிரிட்டன் தன்னோட சாம்ராஜ்யத்துல ஒரு சின்ன மாகாணம் ஆயிடும். சரி, சீட்ட குறைச்சுக் குடுப்போம், இந்தியாவுக்கு ஒரு 100 மட்டும்னு வச்சுக்குவோம்னா, ஒரு பிரிட்டன்காரர் ஓட்டு எத்தனை இந்தியர் ஓட்டுக்கு சமம்னு மறுநாளே ஒருத்தன் கணக்குப் போட்டு நோட்டீஸ் அடிச்சு ஒட்டுவான். மறுபடி பழைய இடத்துக்கே வந்தாச்சு.

இது வெறும் பேப்பர் கணக்கு இல்ல, பிரான்ஸ் நிஜமாவே இந்த இடத்துல வந்து நின்னுச்சு. 1946ல காலனி ஜனங்களுக்கெல்லாம் குடியுரிமைன்னு சட்டம் போட்டாங்க, செங்கோர், ஹூஃபுவே புவானி மாதிரி ஆப்பிரிக்கத் தலைவர்கள் பாரிஸ் பார்லிமென்ட்ல உக்காந்து பேசுனாங்க. உடனே எதிர்க்குரல் என்ன வந்துச்சுன்னா, முழு சமத்துவம் குடுத்தா பிரான்ஸ் தன்னோட பழைய காலனிங்களுக்குக் காலனி ஆயிடும்னு, எதுவார் எரியோ மாதிரி மூத்த அரசியல்வாதியே சொன்னாரு. அல்ஜீரியா 1848ல இருந்து சட்டப்படி பிரான்ஸோட மாவட்டங்கள், காலனிகூட கிடையாது. 1947ல அங்க ஒரு சபை அமைச்சாங்க, ஏறக்குறைய 10 லட்சம் ஐரோப்பியக் குடியேறிகள் பக்கத்துக்கு 60 இடம், அவங்கள மாதிரி எட்டு ஒம்போது மடங்கு இருந்த முஸ்லிம்களுக்கும் அதே 60 இடம். அந்த 60ஐக்கூட 1948ல பொட்டிய மாத்தி தங்க ஆளுங்கள ஜெயிக்க வச்சாங்க. 1954 நவம்பர்ல சண்டை ஆரம்பிச்சுது. சமமா நடத்துவோம்னு வாயால சொல்லிட்டு ஓட்டுப் பொட்டி முன்னால வர்றப்ப கை நடுங்குறதுக்கு இத விட தெளிவான உதாரணம் எனக்குத் தெரியல.

அயர்லாந்தையும் மறக்காதீங்க. 1801ல இருந்து லண்டன் பார்லிமென்ட்ல 100 சீட்டோ அதுக்கு மேலயோ வச்சிருந்த நாடு. ஆனாலும் 1845ல ஆரம்பிச்ச உருளைக்கிழங்குப் பஞ்சத்துல ஏறக்குறைய 10 லட்சம் பேரு செத்தாங்க, அந்த எம்பிங்களால தடுக்க முடியல. 1886, 1893னு சுயாட்சி மசோதா ரெண்டு தடவ தோத்துச்சு, மூணாவது தடவ 1914ல பாஸ் ஆகி, போர்னு சொல்லி நிறுத்தி வச்சாங்க. 1918 எலெக்‌ஷன்ல 105ல 73 சீட்ட ஜெயிச்ச ஷின் ஃபெய்ன்காரங்க (அயர்லாந்து விடுதலை கேட்ட கட்சி) லண்டன் பக்கமே போகாம டப்ளின்ல தனியா சபை கூட்டிட்டாங்க. பக்கத்து வீட்டுலயே, அதே ராஜா, ரெண்டு சபைலயும் இங்கிலீஷ் பேசத் தெரிஞ்ச ஆளுங்க, அங்கயே நிக்கல.

பிரேசில் இன்னொரு திசைல போன உதாரணம். நெப்போலியனுக்குப் பயந்து போர்ச்சுகல் அரசவை 1808ல ரியோவுக்குக் குடிபோச்சு, 1815ல பிரேசில சமமான ராஜ்யமா அறிவிச்சாங்க. 1821ல ராஜா லிஸ்பனுக்குத் திரும்பினதும் அங்க இருந்த சபை பிரேசில பழையபடி கீழ இறக்கப் பாத்துச்சு. 1822 செப்டம்பர் 7ல ராஜாவோட சொந்த மகனே சுதந்திரம் அறிவிச்சுட்டாரு.

அடிச்சே வச்சிருந்தா?

இந்தக் கேள்விக்கு நிஜ வரலாறுல ஒரு நாடு பதில் எழுதி வச்சிருக்கு, போர்ச்சுகல். சர்வாதிகாரம், எலெக்‌ஷன் பயம் இல்ல, பத்திரிகைக்கு சென்சார், 1951ல காலனிங்கள எல்லாம் "கடல் கடந்த மாகாணம்"னு பேர் மாத்திட்டு காலனியே எங்ககிட்ட இல்லன்னு சொன்னாங்க. 1961ல கோவா போச்சு. அதே வருஷம் அங்கோலா, 1963ல கினி பிசாவு, 1964ல மொசாம்பிக், மூணு இடத்துலயும் கெரில்லா சண்டை. 90 லட்சம் பேர்கூட இல்லாத நாடு 13 வருஷம் தாக்குப் பிடிச்சுது. பட்ஜெட்ல ஏறக்குறைய 40 சதவீதம் ராணுவத்துக்கே போச்சு, பசங்களுக்குக் கட்டாய ராணுவ சேவை நாலு வருஷம் வரைக்கும், அதுல இருந்து தப்பிக்க இளைஞர்கள் ராத்திரியோட ராத்திரியா எல்லை தாண்டி பிரான்ஸுக்கு ஓடுனாங்க. கடைசில 1974 ஏப்ரல் 25ல அந்த ஆட்சியக் கவுத்தது கெரில்லாக்கள் இல்ல, அந்தச் சண்டைல சலிச்சுப் போன அதே நாட்டு ராணுவக் கேப்டன்கள். அடுத்த ஒண்ணரை வருஷத்துல அந்தக் காலனிங்க எல்லாம் விடுதலை.

அல்ஜீரியால பிரான்ஸ் 4 லட்சத்துக்கு மேல படைய நிறுத்துச்சு, 1959 வாக்குல களத்துல கை ஓங்கியும் இருந்துச்சு. ஆனா அதுக்குக் குடுத்த விலை, சித்திரவதை விவகாரம், 1958ல குடியரசே கவுந்தது, பாரிஸ் தெருவுல ரத்தம். 1962 மார்ச்ல எவியான்ல ஒப்பந்தம் போட்டு வெளிய வந்தாங்க. மலேயால கம்யூனிஸ்ட் எழுச்சிய பிரிட்டன் அடக்குச்சேன்னு எதிர்வாதம் வரும், நியாயமான வாதம்தான், ஆனா 1952ல டெம்ப்ளர் பிரிட்டிஷ் ஹை கமிஷனரா அங்க போறப்பவே மலேயா தன்னாட்சி நாடாகும்ங்குற வாக்குறுதியோடதான் போனாரு, 1957லயே சுதந்திரமும் குடுத்தாச்சு. அங்க ஜெயிச்சதே கிளம்புறோம்னு சொன்னதாலதான்.

அதனால "அடக்குமுறை"ன்னு உங்க கற்பனைல எழுதுறப்ப, அடக்குறவன் வீட்டுக்குள்ள என்ன நடக்கும்னு சேத்து எழுதுங்க. பத்து வருஷம் ஒரு நாடு தன் பசங்கள அனுப்பி அடுத்தவன் ஊர்ல ஆள அடிக்க வச்சா அந்தப் பசங்க திரும்பி வர்றப்ப பழைய ஆளா வர மாட்டாங்க.

ஒண்ண போட்டுப் பாப்போம்: 1939ல போரே வரல

எல்லாரும் எடுக்குற கற்பனை இதுதான், நானும் ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தேன், ஹிட்லர் இல்லன்னா சாம்ராஜ்யம் இன்னும் நூறு வருஷம் ஓடியிருக்கும்னு. மூணு கேள்வியையும் போட்ட பிறகுதான் மாத்திக்கிட்டேன்.

போர் இல்ல, அதனால 25 லட்சம் படை இல்ல, சிங்கப்பூர் விழல, பிரிட்டன் கடன்காரனும் ஆகல. இதெல்லாம் பெரிய வித்தியாசம்தான். ஆனா 1939க்கு முன்னாடியே என்னெல்லாம் நகந்து போச்சுன்னு பாருங்க. 1930ல தண்டி உப்பு சத்தியாகிரகத்துல ஒரே வருஷத்துல 60,000 பேருக்கு மேல ஜெயிலுக்குப் போனாங்க. 1932ல டேராடூன்ல ராணுவ அகாடமி திறந்து இந்திய அதிகாரிகளுக்குப் பயிற்சி ஆரம்பிச்சாச்சு. ஐசிஎஸ்ல இந்தியர்கள் வருஷா வருஷம் கூடிட்டே போறாங்க. துணி இறக்குமதிக்கு இந்திய சர்க்காரே வரி போட ஆரம்பிச்சதுல இங்கிலாந்தோட துணி மில் பகுதியான லங்காஷயரோட பிடி தளந்து போச்சு. 1935 இந்திய அரசுச் சட்டத்தோட 1937ல மாகாண எலெக்‌ஷன் நடந்து மெட்ராஸ்ல ராஜாஜி தலைமைல மந்திரிசபையே வந்தாச்சு. ஒரு தடவ ஆட்சில உக்காந்த ஆளுங்கள மறுபடி மனு குடுக்குற இடத்துக்கு அனுப்ப முடியாது.

அந்த 1935 சட்டத்துல மத்தில ஒரு கூட்டாட்சியும் இருந்துச்சு, சமஸ்தான ராஜாக்கள் போதுமான பேர் சேந்தா அமலுக்கு வரும்னு. அவங்க இழுத்தடிச்சாங்க. லண்டன்ல சர்ச்சில் கோஷ்டி இதையே அதிகம்னு சொல்லி வருஷக்கணக்குல எதிர்த்து சண்டை போட்டுச்சு. சாம்ராஜ்யத்த கொஞ்ச காலமாவது நீட்டிக்க இருந்த ஒரே வழிய அடைச்சவங்கள்ல, அது என்னைக்கும் இருக்கணும்னு நினைச்சவங்களே முன்னால நின்னாங்க. கற்பனை எழுதுறவங்க இந்த இடத்த விடாதீங்க, மாத்திப் பாக்குறதுக்கு 1933, 34 ரொம்ப நல்ல வருஷம்.

சரி, கூட்டாட்சி 1942 வாக்குல வந்துச்சுன்னு வச்சுக்குவோம். என் கணிப்பு, 1950களோட நடுவுல இந்தியா கனடா மாதிரி ஒரு டொமினியன் (ராஜாவ தலைவரா வச்சுக்கிட்டு தன்னத்தானே ஆளுற நாடு) ஆயிருக்கும், காசுல ராஜா தலை இருந்திருக்கும், பிரிவினை வேற மாதிரி போயிருக்கலாம், நடக்காமலே போயிருக்கலாம், அந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தக் கற்பனைய மனசு விட மாட்டேங்குது. ஆப்பிரிக்கா இன்னும் 20 வருஷம் தள்ளிப் போயிருக்கலாம், 1960ல ஒரே வருஷத்துல 17 நாடு விடுதலையானது 1980கள்ல நடந்திருக்கலாம். ஆனா இந்தியப் பட்டாளம் கைய விட்டுப் போன பிறகு ஈராக்லயும் ஆப்பிரிக்காலயும் எரியுற நெருப்ப அணைக்க ஆள் எங்க இருந்து வரும்? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காததால அதுக்கு மேல என்னால ஒரு வருஷம்கூட தள்ள முடியல.

எது நிக்கும்?

கதைக்கு நிக்கிற ஏதாவது ஒண்ணு வேணும்னா நிஜத்துல நின்னத பாருங்க. ரீயூனியன், மார்ட்டினிக், குவாடலூப், பிரெஞ்சு கயானா 1946ல பிரான்ஸோட முழு மாவட்டமா ஆச்சு, இன்னைக்கும் பாரிஸுக்கு ஓட்டுப் போடுது. ஏன் முடிஞ்சுதுன்னா ஜனத்தொகை சின்னது, அவங்க ஓட்டு பாரிஸ கவுக்காது, அதோட காசு தலைநகரத்துல இருந்து தீவுக்குப் போகுது, தீவுல இருந்து உறிஞ்சப்படல. ரஷ்யா சைபீரியாவ வச்சிருக்கு, தரைவழியா ஒட்டின நிலம், குடியேறுனவங்க எண்ணிக்கைல உள்ளூர்க்காரங்கள மூழ்கடிச்சுட்டாங்க. ஆனா சோவியத் யூனியன்ல ரஷ்யர்கள் பாதிக்குக் கொஞ்சம் மேலதான், அது 1991ல 15 நாடாச்சு. கொடிய இறக்கிட்டு பிடிய விடாம இருக்குறதும் ஒரு வகை, மேற்கு மத்திய ஆப்பிரிக்கால 1945ல பிரான்ஸ் கொண்டு வந்த சிஎஃப்ஏ ஃபிராங்க்ங்குற நாணயம் இன்னும் புழக்கத்துல இருக்கு.

கடைசியா எழுதுறவங்களுக்கு ஒண்ணு. மொத சீன வைஸ்ராய் மாளிகைலயோ லண்டன் கேபினட் ரூம்லயோ ஆரம்பிக்காதீங்க. வருஷம் 1966ன்னு வச்சுக்கோங்க, கொடி இன்னும் பறக்குது, பம்பாய் துறைமுகத்துல ஒரு மெஸ், பத்தொம்போது வயசுப் பையன் ஒருத்தன் தட்டோட வரிசைல நிக்கிறான், அவன் தாத்தா 1930ல உப்பு அள்ளி ஜெயிலுக்குப் போனவரு. தட்டுல விழுற சோத்தப் பாத்துட்டு அவன் உக்காந்து சாப்பிடுறானா, தட்ட கீழ வைக்கிறானா, அத நீங்க நம்புற மாதிரி எழுதிப் பாருங்க.